டயப்ளோ மாதிரியான கேம்கள் ஏன் இழுக்கின்றன, ஏன் அலுக்கின்றன?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். புதுக்குடியிருப்பில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். பேய்களைக் கிளிக் பண்ணி வெட்டி, விழுகிற சாமானைப் பொறுக்கி ஆளைப் பலமாக்குகிற டயப்ளோ 2 என்ற கணினிக் கேமின் புதுப்பித்த பதிப்பைப் போட்டு முதல் இரண்டு கிழமை நித்திரை இல்லாமல் விளையாடியிருக்கிறீர்கள். இப்போது கை தன்பாட்டில் கிளிக் பண்ணுகிறது, மனம் வேறெங்கோ நிற்கிறது. ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. “வெட்டு, பொறுக்கு, திரும்ப வெட்டு. இதில் என்னதான் இருக்கிறது? பிழை என்னிலா, கேமிலா?” என்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற தம்பியும் கேட்கிறான், கொடுக்கலாமா என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். இந்தக் கேம்கள் நல்லவையா கெட்டவையா என்பது உங்கள் கேள்வி இல்லை என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். ஒரே விஷயம் எப்படி இப்படி இழுக்கவும் செய்து அலுக்கவும் செய்கிறது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதுதான் நீங்கள் கேட்பது.

எனக்கு இதில் உள்ள பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதிக்குக் கிட்ட சில வருடம் கேம் விளையாடும் கடை ஒன்று நடத்தினேன். பிறகு மொபைல் கேம் செய்யும் ஒரு குழுவுக்கு வீட்டில் இருந்தே வேலை செய்தேன். எந்தப் பேய் செத்தால் எந்தச் சாமான் எத்தனை தரத்துக்கு ஒரு தரம் விழவேண்டும் என்று அட்டவணை எழுதுவது என் வேலை. இப்போது பிள்ளைகளுக்கு புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே கேமின் உள்வேலை பற்றி உறுதியாகக் கதைப்பேன். மூளை, மனம் பற்றி வரும் இடங்களில் நான் மருத்துவர் இல்லை. அங்கே ஆய்வில் நிலைநாட்டப்பட்டது எது, யூடியூப்பில் அடிபடுகிற கதை எது என்று பிரித்துச் சொல்வது மட்டும்தான் என்னால் முடியும்.

இந்த வகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். 1980 இல் ரோக் என்று ஒரு கேம் வந்தது. படமே கிடையாது, எழுத்துகளையும் கோடுகளையும் வைத்து வரைந்த சுரங்கம். நீங்கள் ஓர் அடி வைத்தால் பேயும் ஓர் அடி வைக்கும். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை சுரங்கமே அசையாமல் நிற்கும். அந்தப் பரம்பரையில் வந்த கேம்களை விளையாடி வளர்ந்த டேவிட் பிரெவிக் என்பவர்தான் டயப்ளோவை யோசித்தவர். அவரும் அதை முதலில் முறைக்கு முறை அடிக்கிற கேமாகத்தான் திட்டம் போட்டார். காசு போட்ட பிளிசார்ட் நிறுவனம் நேரடியாக ஓடுகிற சண்டையாக மாற்றச் சொன்னது. அவருக்கு விருப்பமில்லை. ஆனால் குழு மாற்றுவோம் என்று நின்றது. சில மணி நேரம் இருந்து மாற்றிப் பார்த்தார். கிளிக் பண்ணினார், வீரன் நடந்துபோய் எலும்புக்கூட்டை ஒரே போடாகப் போட்டான். அந்த நிமிடமே எல்லாம் தீர்மானமாகிவிட்டது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். 1996 கடைசியில் அந்தக் கேம் வெளிவந்தது. அதன் பிறகு வந்த இந்த வகைக் கேம்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒரு கிளிக்கின் வாரிசுகள்தான்.

அந்த மாற்றத்தில் நடந்தது என்ன என்று பாருங்கள். ரோக்கில் ஒவ்வோர் அடியும் ஒரு முடிவு. டயப்ளோவில் அடிப்பதற்கு முடிவு எடுக்கத் தேவையில்லை, கை போதும். அப்படியென்றால் முடிவெடுக்கிற வேலை எங்கே போனது? பைக்குள் போனது. லெவல் ஏறும்போது புள்ளியை எதில் போடுவது, இரண்டு வாளில் எதைக் கட்டுவது, எதை விற்பது, எதை வைத்திருப்பது, இன்னும் கீழே இறங்கவா ஊருக்குத் திரும்பவா என்பதற்குள் போனது. இந்த வகைக் கேமின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சண்டை அந்த முடிவுகளுக்குச் சாமான் கொண்டுவந்து தருகிற வேலை. கஷ்டமான கட்டங்களில் சண்டைக்குள்ளும் யோசனை வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் நூறில் தொண்ணூறு பேய் யோசிக்காமல் சாகிற பேய்தான். முடிவுகள் இருக்கும்வரை அந்த யோசிக்காத அடி சுகமாக இருக்கும். முடிவுகள் தீர்ந்த பிறகும் அடி மட்டும் தொடர்ந்தால் அலுப்பு. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

முதலில் இழுப்பைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இந்தக் கேம்களைக் குறை சொல்கிற பலர் அதைச் சொல்வதே இல்லை. ஒரு நல்ல அடிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? கிளிக் பண்ணியதுக்கும் அடி விழுவதுக்கும் இடையில் கண் பிடிக்காத அளவு இடைவெளி. அடி விழுகிற கணத்தில் படம் ஒரு சொட்டு நேரம் உறைந்து நிற்கும். பேய் பின்னால் தள்ளுப்படும். சத்தம் எலும்புக்கு ஒன்று, சதைக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று. விழுகிற சாமானுக்கும் அதன் அதன் சத்தம். டயப்ளோ 2 இல் மோதிரம் விழுகிற அந்தச் சின்னச் சத்தம் என் கடையில் கேட்டால், வரிசையில் இருக்கிற அத்தனை பேரும் தங்கள் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு நிறம். சாதாரணம் வெள்ளை, மந்திரம் ஏறியது நீலம், அரிது மஞ்சள், தொகுதிச் சாமான் பச்சை, தனித்துவமானது பொன். பெயரை வாசிக்க முதலே நிறம் நெஞ்சைத் தட்டிவிடும். இவை எல்லாம் ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மேளக்காரர் தோலை இழுத்துக் கட்டுகிற மாதிரி இதுவும் ஒரு கைவினை. நன்றாகச் செய்த அடிக்கும் ஏனோதானோ என்று செய்த அடிக்கும் உள்ள வித்தியாசம் விரல் நுனியிலேயே தெரியும்.

அடுத்தது தற்செயல். எந்தப் பேயில் எது விழும் என்று தெரியாதது. அடுத்த அடியில் விழலாம், நாளைக்கும் விழாமல் விடலாம். இதைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. பரிசு எத்தனையாவது தரம் வரும் என்று தெரியாத விதத்தில் கொடுத்தால், பிராணிகள் ஓயாமல், நீண்ட நேரம் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்று பெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1957 இல் விரிவாக எழுதிவிட்டார்கள். பரிசை நிறுத்தினாலும் உடனே விடமாட்டா. இது திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்ட விஷயம். மூளையில் பரிசோடு தொடர்புள்ள டோபமின் என்ற இரசாயனத்தின் கதைக்கு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். எதிர்பாராத பரிசு வரும்போது குரங்கின் டோபமின் நரம்புகள் துடிப்பதையும், முழுக்க எதிர்பார்த்த பரிசுக்கு அந்தத் துடிப்பு இல்லாமல் போவதையும் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990களில் காட்டினார்கள். அதுவரை உறுதி. அதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, கேம் என்றால் போதைப்பொருள், மூளையே கெட்டுவிடும் என்று சொல்வது ஆய்வு சொன்னதைவிடப் பலமடங்கு கூடச் சொல்வது. முகநூலில் வரும் அந்த வீடியோக்களை நம்பி உங்களை நீங்களே நோயாளி ஆக்கவேண்டாம்.

தற்செயலின் கணக்கைக் கொஞ்சம் காட்டுகிறேன், என் வேலையே அதுதான். நூறு தரத்துக்கு ஒரு தரம் விழுகிற சாமான் என்று வையுங்கள். நூறு தரம் கொன்றால் கட்டாயம் ஒன்று கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்கு அப்படி இல்லை. நூறு தரம் கொன்ற நூறு பேரில் ஏறக்குறைய 63 பேருக்குத்தான் கிடைத்திருக்கும், 37 பேர் வெறுங்கை. முந்நூறு தரம் கொன்ற பிறகும் நூறில் ஐந்து பேருக்கு ஒன்றுமே கிடைத்திராது. கேம் தயாரிக்கிறவருக்கு அந்த ஐந்து பேர்தான் தலையிடி. அவர்களுக்கு அது தற்செயலாகத் தெரியாது, கேம் தங்களுக்கு வஞ்சகம் செய்வதாகத்தான் தெரியும். அதனால்தான் பல கேம்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு ஓடும். நீண்ட நேரம் நல்ல சாமான் விழாவிட்டால் அது வாய்ப்பை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். டயப்ளோ 2 பழைய காலத்துக் கேம். அதில் அந்தத் தயவு கிடையாது, விழாவிட்டால் விழாதுதான். அதுவே சிலருக்கு அதன் பெருமை. குளத்தில் வீச்சுவலை போடுகிறவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பத்து வீச்சு வெறும் பாசி, பதினோராவதில் வலை கனக்கும். அந்தக் கனத்துக்காகத்தான் பன்னிரண்டாவது வீச்சு.

மூன்றாவது இழுப்புத்தான் எனக்குப் பெரிதாகப் படுவது. ஆளைக் கட்டியெழுப்புவது. பில்ட் என்று பெடியள் சொல்வது. நியூசிலாந்தில் ஒரு நிறுவனம் செய்த பாத் ஒவ் எக்ஸைல் 2013 இல் வந்தது. அதன் திறன் வரைபடத்தில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட புள்ளிகள். முதலில் பார்க்கிறவர் வாயைப் பிளப்பார். அதற்குள் ஒரு பாதையைத் தானே யோசித்து, அது வேலை செய்கிறதைக் கண்ணால் பார்க்கிற சுகம் வேறு எந்த வகைக் கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா ஒருவர் டோர்ச்லைட் 2 விளையாடுவார். அதில் லெவலுக்கு ஐந்து புள்ளி வரும், நான்கு குணங்களில் பிரித்துப் போடவேண்டும். போட்ட திறன்களில் கடைசி மூன்றை மட்டும்தான் காசு கொடுத்துத் திருப்பலாம். ஆகவே யோசித்துத்தான் போடவேண்டும். அவர் பக்கத்தில் ஒரு பழைய கொப்பி வைத்திருப்பார். இரண்டு கையுறை கிடைத்தால் ஒன்றில் நெருப்புச் சேதம் இவ்வளவு, மற்றதில் உயிர் இவ்வளவு என்று எழுதி, இன்னும் மூன்று லெவல் போனால் எது பயன் என்று கணக்குப் பார்த்து, பிறகுதான் ஒன்றை விற்பார். சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுத்தான் விளையாடுவார். வெடிச் சத்தம் அவருக்கு ஆகாது, காரணம் கேட்கத் தேவையில்லை. அடியின் சுகத்தில் சத்தத்துக்கும் பங்கு உண்டு என்று மேலே சொன்னேன். அந்தப் பங்கு இல்லாமலே அவருக்கு அந்தக் கேம் நீண்ட காலம் அலுக்கவில்லை. கேமின் உயிர் பைக்குள் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

இனி அலுப்பு. உங்கள் வாள் 10 சேதம் செய்கிறது, எலும்புக்கூட்டுக்கு உயிர் 30. மூன்று அடி. பத்து மணி நேரம் உழைத்து 20 சேதம் செய்கிற வாளை எடுக்கிறீர்கள். இப்போது வருகிற எலும்புக்கூட்டின் உயிர் 60. அதே மூன்று அடி. இலக்கம் வளர்ந்தது, அடி வளரவில்லை. தயாரிக்கிறவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி பெரிதாக இல்லை. பேயையும் சேர்த்து வளர்க்காவிட்டால் ஒரே அடியில் எல்லாம் செத்து கேமே இல்லாமல் போய்விடும். எனவே வளர்ச்சியை உணரவைக்க இடையிடையே உங்களைக் கொஞ்சம் பலமாக்கி, பிறகு பேய்களை எட்டிப்பிடிக்க விடுவார்கள். அந்த ஏற்ற இறக்கம் முதல் பாதியில் அழகாக ஓடும். டயப்ளோ 2 இல் முதல் இருபது லெவலை ஒரு நாளைக்குள் ஏறிவிடலாம். 98 இல் இருந்து 99 க்கு ஏற, நாள் முழுக்க விளையாடுகிறவருக்கே கனகாலம் பிடிக்கும். அதற்குள் எடுக்கவேண்டிய முடிவுகள் எல்லாம் எப்போதோ எடுத்தாகிவிட்டது. புதுத் திறன் இல்லை, புது யோசனை இல்லை. அதே ஐந்து அத்தியாயங்களைத்தான் மூன்று கடின நிலைகளில் திரும்பத் திரும்ப ஓடவேண்டும். ஒரே பொஸ்ஸின், அதாவது பெரிய தலைவன் பேயின், கதவைத் திறந்து, கொன்று, வெளியே வந்து, கேமைப் புதிதாகத் தொடங்கி, திரும்பவும் அதே கதவு. நீங்கள் சொல்கிற ‘கை தன்பாட்டில் கிளிக் பண்ணுகிறது’ என்ற நிலை அநேகமாக இந்தக் கட்டமாகத்தான் இருக்கும்.

அலுப்பில் இன்னொரு வகையும் உண்டு, அது வேறு. பை நிரம்புகிற அலுப்பு. டயப்ளோ 2 இல் பைக்கு பத்துக்கு நான்கு, நாற்பது கட்டம். ஒரு பெரிய கவசம் ஆறு கட்டத்தைத் தின்னும். ஊருக்குப் போ, வில், திரும்பி வா. டோர்ச்லைட் செய்தவர்களில் சிலர் பழைய டயப்ளோ குழுவில் இருந்தவர்கள்தான். அவர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். உங்களோடு வருகிற நாயோ பூனையோ சாமானைத் தூக்கிக்கொண்டு தானே ஊருக்குப் போய் விற்றுக் காசோடு திரும்பி வரும். இந்த அலுப்பை எடுத்ததால் கேமுக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் எல்லா அலுப்பையும் எடுத்துவிட்டால்? செய்துபார்த்திருக்கிறார்கள். 2002 இல் வந்த டஞ்சன் சீஜில் உங்கள் ஆட்கள் தாங்களாகவே சண்டை பிடிப்பார்கள். கேம் தன்னைத்தானே விளையாடுகிறது என்று அப்போதே பலர் குறைப்பட்டார்கள். அதைவிடப் பெரிய பாடம் டயப்ளோ 3. 2012 இல் வந்தது. கேமுக்குள்ளேயே ஏலச் சந்தை வைத்தார்கள், உண்மைக் காசுக்கும் சாமான் வாங்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. விழாத சாமானுக்காக ஆயிரம் தரம் ஓடுவதைவிட, ஓடிக் களைத்தவன் காசு கொடுத்து வாங்கிவிட்டுப் போகட்டும் என்பது யோசனை. நடந்தது என்னவென்றால், சந்தையில் வாங்குவதே சாமான் சேர்க்கிற ஆகக் கெட்டிக்கார வழி ஆகிவிட்டது. பேயில் விழுவது எல்லாம் குப்பை. கொல்வதற்குக் காரணமே இல்லாமல் போனது. கடைசியில் தயாரித்தவர்களே இது கேமின் அடிப்படையைக் கெடுக்கிறது என்று ஒத்துக்கொண்டு 2014 மார்ச் 18 இல் சந்தையை மூடினார்கள். மூடியதோடு சாமான் விழுகிற விதத்தையும் திருத்தினார்கள். குறைவாக, ஆனால் உங்கள் ஆளுக்குப் பொருந்துவதாக விழும்படி செய்தார்கள். கேம் உயிர்த்தது. பையைத் திறக்கும்போது திரும்பவும் முடிவெடுக்க ஏதாவது இருந்தது.

டயப்ளோ 2 காலத்துச் சந்தை வேறு மாதிரி, அதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகப் பிடித்த விஷயம். அந்தக் கேமில் தங்கக் காசுக்கு மதிப்பே இல்லாமல் போனது. விளையாடுகிறவர்கள் தாங்களாகவே ஸ்டோன் ஒவ் ஜோர்டன் என்ற மோதிரத்தைக் காசாகப் பாவிக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் அடங்கும், எல்லோருக்கும் தேவை, கிடைப்பது அரிது. பொருளியல் ஆசிரியர் ஒரு பாடம் முழுக்க எடுக்கவேண்டியதை அவர்கள் விளையாடியே கண்டுபிடித்தார்கள்.

அலுப்புக்கு இன்று நிலைத்துவிட்ட மருந்து சீசன். பாத் ஒவ் எக்ஸைலில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வெறுங்கையோடு முதலில் இருந்து தொடங்குவார்கள், புது விதிகளோடு. சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுத் தொடங்க யாருக்கு மனம் வரும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கூட்டம் வருவது அந்த முதல் கிழமையில்தான். முடிவுகள் புதிதாகக் கிடைக்கிற கிழமை அது. 2022 இல் முழுதாக வெளிவந்த வம்பயர் சர்வைவர்ஸ் இன்னும் தூரம் போனது. அடிக்கிற கிளிக்கையே எடுத்துவிட்டது, ஆயுதம் தானே அடிக்கும். நீங்கள் நடக்கவும், லெவலுக்கு மூன்று நான்கு சாமானில் ஒன்றைத் தெரிவு செய்யவும் மட்டும்தான் வேண்டும். முடிவுகளை மட்டும் பிழிந்து எடுத்த கேம். பெரும்பாலான களங்களில் முப்பது நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும், எவ்வளவு பலமாக இருந்தாலும் சாவு வந்து முடித்துவைக்கும். அதைச் செய்த லூகா கலான்டே முன்பு சூதாட்ட மென்பொருள் துறையில் வேலை செய்தவர். ஆளை இழுத்து வைக்கிற வித்தை தெரிந்தவர். தெரிந்தும் ஒரு முடிவு வைத்தார் என்பதில் எனக்கு அவர்மேல் மரியாதை.

வன்னியில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் விடமுடியாது. கடை வைத்திருந்த காலத்தில் தாய்மார் வந்து கேட்பார்கள்: “இவ்வளவையும் கண்ட பிள்ளையள், இனியும் கொலை விளையாட்டே?” நியாயமான கேள்வி, அதற்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் சொன்னது இது: இப்படியான கேம்களுக்கும் கோபமான நடத்தைக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது, ஆனால் உண்மையான வன்செயலுக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. அந்த ஆய்வுகளைப் போருக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தலாமா என்றால், நான் பொருத்தமாட்டேன். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன், பொதுவிதியாக எடுக்கவேண்டாம். சிரமப்பட்டவர்களுக்குச் சிரமம் தந்தது பெரும்பாலும் துப்பாக்கிக் கண்ணால் பார்க்கிற கேம்களும் அந்தச் சத்தங்களும்தான். டயப்ளோ மாதிரியானவற்றில் பார்வை உயரத்தில் இருந்து வருகிறது, உருவங்கள் பெருவிரல் அளவு, சாவது எலும்புக்கூடும் பேயும். ஆனாலும் ஒருவருக்கு நெஞ்சு படபடத்தால் விவாதம் தேவையில்லை, மூடிவிடவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு எது பொருந்தும் என்றும் சொல்கிறேன். டயப்ளோ 3 கணினியில் எப்போதும் இணையம் கேட்கும். வெளிவந்த அன்றே சேவையகம் நிரம்பி உலகம் முழுக்க ஆட்கள் உள்ளே போகமுடியாமல் நின்றார்கள். டயப்ளோ 4, பாத் ஒவ் எக்ஸைல் இரண்டும் அப்படித்தான். போன் டேட்டாவைப் பகிர்ந்து விளையாடுகிறவர்களுக்கு இவை சரிவராது. கரண்ட் போகிற ஊரில் ஹார்ட்கோர் முறையில் விளையாடவும் வேண்டாம். அதில் ஒருமுறை செத்தால் ஆள் போனதுதான். 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் ரவுட்டர் அணைந்து, பேய்க்கூட்டத்தின் நடுவில் ஆள் அசையாமல் நின்று செத்த கதைகள் என் மாணவர்களிடம் நிறைய உண்டு. டோர்ச்லைட் 2, டைட்டன் குவெஸ்ட், கிரிம் டோன் மூன்றும் இணையம் இல்லாமல் ஓடும், ஒரே வீட்டுக்குள் இரண்டு கணினியை இணைத்தும் விளையாடலாம். பழைய லப்டொப் என்றால் டோர்ச்லைட் 2. டைட்டன் குவெஸ்டில் ஒரு நேர்மை இருக்கிறது: பேய் கையில் வைத்திருக்கிற வாள்தான் அது செத்தால் விழும். தூரத்தில் வரும்போதே எது கிடைக்கும் என்று பார்த்து அடிக்கலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

தம்பி விஷயம். கேமிங் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டுப்பாடு இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கேம் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை சேர்ந்து படிப்பையோ குடும்பத்தையோ வேலையையோ கடுமையாகப் பாதிக்கவேண்டும், அதுவும் வழமையாக ஒரு வருடமாவது இருக்கவேண்டும். இரண்டு கிழமை நித்திரை முழித்த நீங்கள் அதில் வரமாட்டீர்கள். தம்பிக்கு முடிவில்லாத கேமைப் பரீட்சை வருடத்தில் கொடுக்கவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். காரணம் ஒழுக்கம் இல்லை, நேரம். இந்தக் கேம்களில் நிறுத்துவதற்கு இயல்பான இடம் கிடையாது, இன்னொரு கதவு எப்போதும் இருக்கும். அரைமணியில் முடிகிற வம்பயர் சர்வைவர்ஸைக் கொடுங்கள், ஒரு ஆட்டம் முடிய எழும்பட்டும். போனில் இலவசமாக வந்து உள்ளே காசு கேட்கிறவற்றை மட்டும் கட்டாயம் தவிருங்கள். டயப்ளோ இம்மோர்ட்டல் அப்படியானது. காசுக்குத் தற்செயல் விற்கும் பெட்டிகள்மேல் பெல்ஜியத்தில் இருக்கிற சட்டத்தால் அந்தக் கேமை அங்கே வெளியிடவே இல்லை. சாமான் விழுகிற அட்டவணையும் கடன் அட்டையும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது மேலே நான் சொன்ன அந்த ஐந்து பேர்தான் அதிகம் கொடுப்பார்கள். அப்படியான அட்டவணையை எழுதத்தான் என்னையும் கடைசியில் கேட்டார்கள். அதோடுதான் அந்த வேலையை விட்டேன்.

உங்களுக்கு வருகிறேன். பிழை உங்களில் இல்லை, கேமிலும் பெரிதாக இல்லை. ஊருக்கு இரண்டு மூன்று தரம் திரும்பி வந்தும் பையில் யோசிக்க ஒன்றும் இல்லாமல் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறீர்கள் என்றால் அந்த ஆளின் கதை முடிந்தது, 99 ஆவது லெவலுக்காகக் காத்திருக்கவேண்டாம். அழிக்க மனம் வராததற்கு வழி சுலபம். இணையம் இல்லாமல் விளையாடியிருந்தால் உங்கள் ஆட்கள் விண்டோஸில் பயனர் கோப்புறைக்குள் இருக்கிற ‘சேவ்ட் கேம்ஸ்’ கோப்புறையில் டயப்ளோவின் பெயரில் இருப்பார்கள். அந்தக் கோப்புறையை அப்படியே பென் ட்ரைவில் பிரதி எடுத்துவிட்டுக் கேமை நீக்குங்கள். திரும்ப ஆசை வந்தால் போட்டுக்கொள்ளலாம். அப்படி வந்தால் பழைய ஆளைத் தொடாமல், செத்தவற்றை எழுப்புகிற நெக்ரோமான்சர் என்ற மந்திரவாதியில் புதிதாகத் தொடங்குங்கள். எலும்புக்கூடுகள் உங்களுக்காக அடிக்கும், நீங்கள் யோசிக்கலாம்.